திரைவாசிப்பான்

கணினித் திரையில் உள்ள எழுத்தையும், பொத்தான், பட்டியல், அட்டவணை போன்ற உறுப்புகளையும் பேச்சாகவோ பிரெயிலாகவோ மாற்றித் தரும் மென்பொருள். பார்வையற்றோரும் மிகக் குறைந்த பார்வை உடையோரும் இதைக் கொண்டே கணினியை இயக்குகிறார்கள். கடிதம் எழுதுகிறார்கள், இணையத்தில் உலவுகிறார்கள், நூல் வாசிக்கிறார்கள். பிரெயில் வேண்டுவோர் கணினியோடு ஒரு பட்டையை இணைத்துக்கொள்வர். அதில் புள்ளிகள் எழுந்தும் தாழ்ந்தும் வரிக்கு வரி மாறும். சுட்டிக்கு இங்கே வேலை குறைவு, எல்லாம் விசைப்பலகைதான்.

ஒலிநூலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒலிநூலில் ஒருவர் படித்துப் பதிந்ததை நாம் வரிசையாகக் கேட்கிறோம். திரைவாசிப்பானிலோ எதை, எங்கிருந்து, எந்த வேகத்தில் படிக்கவேண்டும் என்பதைக் கேட்பவரே ஒவ்வொரு விசையிலும் முடிவு செய்கிறார். பழகிய காதுகள் சாதாரணப் பேச்சைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தைத் தாங்கும். பக்கத்தில் இருப்பவருக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் படும்.

இதன் வரலாற்றை மென்பொருள்களின் பெயர்வரிசையாகச் சொல்வதே வழக்கம். ஒவ்வொரு காலத்திலும் ஆவணத்தைப் பற்றி அதற்கு என்ன தெரிந்திருந்தது என்று கேட்டுப் பார்த்தால் வரலாறு இன்னும் தெளிவாகும்.

எழுத்துத் திரையின் காலம்

1976இல் ரே கர்ஸ்வைல் வெளியிட்ட வாசிப்பு எந்திரம், அச்சுப் பக்கத்தை வருடி எழுத்துகளை அடையாளம் கண்டு உரக்கப் படித்தது. அது அச்சு நூலுக்காகச் செய்யப்பட்டது. கணினித் திரையைப் படிக்க, எழுத்தைப் பேச்சாக்கும் கருவி மலிவாகவும் சிறிதாகவும் ஆகவேண்டியிருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டென்னிஸ் கிளாட் செய்த ஆய்விலிருந்து 1980களின் முற்பகுதியில் டெக்டாக் என்னும் பேச்சுக் கருவி பிறந்தபோது அந்த வழி திறந்தது. ஸ்டீபன் ஹாக்கிங்கின் குரலாக உலகம் அறிந்த ஒலியும் கிளாட்டின் ஆய்விலிருந்து வந்ததே.

ஐபிஎம் நிறுவனத்தில் ஜிம் தாட்சரும், அவருடைய முனைவர் பட்ட நெறியாளராக இருந்த ஜெஸ்ஸி ரைட்டும் சேர்ந்து தனிக்கணினிக்குப் பேச்சு தரும் வேலையைத் தொடங்கினர். ரைட் பார்வையற்றவர். முதலில் நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கிய அவர்களுடைய மென்பொருள், 1980களில் ‘ஐபிஎம் ஸ்கிரீன் ரீடர்’ என்று விற்பனைக்கு வந்தது. பின்னர் அந்தப் பெயரே இவ்வகை மென்பொருள் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று.

டாஸ் இயங்குதளக் காலத்துத் திரை எளிமையானது: 25 வரி, வரிக்கு 80 எழுத்து. அந்த 2,000 எழுத்துகளும் கணினியின் நினைவகத்தில் வரிசையாகக் கிடக்கும். அந்த இடத்தைத் தொட்டுப் படித்து ஒலிப்பானுக்கு அனுப்பினால் திரை பேசிவிடும். எழுத்து தப்பாது, ஆனால் எது தலைப்பு, எது பக்க எண் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. வரி வரியாகக் கேட்டு, ஆவணத்தின் வடிவத்தைப் பயனரே மனத்தில் கட்டிக்கொண்டார்.

இக்காலத்தில் தோன்றியவற்றுள் நிலைத்தது ஜாஸ். மோட்டார் சைக்கிள் பந்தய வீரரும் பொறியாளருமான டெட் ஹென்டர் 1978இல் நேர்ந்த கார் விபத்தில் பார்வையை இழந்தார். கணினி நிரல் கற்று, பில் ஜாய்ஸுடன் சேர்ந்து 1987இல் புளோரிடாவில் ஹென்டர்-ஜாய்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1989இல் டாஸுக்கான ஜாஸ் வெளியாயிற்று.

படமாகிப்போன திரை

மேக்கின்டாஷும் விண்டோஸும் வந்ததும் இந்த எளிமை குலைந்தது. திரையில் இருந்தவை இப்போது எழுத்துகளாக இல்லை; எழுத்தின் உருவில் ஒளிரும் புள்ளிகளாக இருந்தன. நினைவகத்தில் தேடினால் கிடைப்பது படம்தான். டாஸில் தேர்ச்சி பெற்று அலுவலகங்களில் வேலைக்கு அமர்ந்திருந்த பார்வையற்றோர், அலுவலகம் விண்டோஸுக்கு மாறினால் தம் வேலை போய்விடும் என்று அஞ்சியதில் மிகையில்லை.

கலிபோர்னியாவின் பெர்க்லி சிஸ்டம்ஸ் 1989இல் மேக்கின்டாஷுக்காக வெளியிட்ட அவுட்ஸ்போக்கன் முதல் விடையைத் தந்தது. பறக்கும் ரொட்டி வாட்டிகளைத் திரைக்காப்பில் ஓடவிட்டுப் பெயர் வாங்கியதும் இதே நிறுவனம்தான். நிரல்கள் ‘இந்த எழுத்தை இந்த இடத்தில் வரை’ என்று இயங்குதளத்துக்கு இடும் கட்டளைகளை இடையில் ஒட்டுக்கேட்டு, திரையின் நகல் ஒன்றைத் தனக்குள் உருவாக்கி, அதைப் பயனருக்குப் படித்துக் காட்டுவது அவுட்ஸ்போக்கனின் உத்தி. விண்டோஸுக்கு வந்த திரைவாசிப்பான்களும் இதே வழியில் சென்றன. நுட்பம் அபாரமானது என்றாலும் நொய்மையானது. ஒரு நிரல் வழக்கத்துக்கு மாறாக எழுத்தை வரைந்துவிட்டால் அந்தப் பகுதி ஊமையாகிவிடும்.

1995 ஜனவரியில் விண்டோஸுக்கான ஜாஸ் வந்தது. அதே ஆண்டு, மாசசூசெட்ஸ் மாநில அரசு, பார்வையற்ற ஊழியர்கள் பயன்படுத்த முடியாத விண்டோஸ் 95ஐ வாங்கமாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட்டுக்கு நெருக்கடி கொடுத்தது. 1997இல் அந்நிறுவனம் ‘ஆக்டிவ் ஆக்ஸசிபிலிட்டி’ என்னும் இடைமுகத்தை வெளியிட்டது. இதன்பின் நிரலே முன்வந்து ‘நான் ஒரு பொத்தான், என் பெயர் சேமி, நான் அழுத்தப்படவில்லை’ என்று சொல்ல வழி ஏற்பட்டது. திரைவாசிப்பான் வரலாற்றில் பெரிய திருப்பம் எந்த ஒரு மென்பொருளின் வருகையையும்விட இதுவே.

ஆவணத்துக்குள் நடப்பது

இணையப் பக்கம் இந்தத் திருப்பத்தை முழுமையாக்கியது. அதன் மூலக்குறியிலேயே தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு என்று எல்லாம் பெயரிடப்பட்டிருக்கிறது. பதினான்கு வயதில் பார்வையிழந்த சியேகோ அசகாவா, ஐபிஎம்மின் ஜப்பான் கிளையில் உருவாக்கிய ஹோம் பேஜ் ரீடர் 1997இல் வெளியாகி, இணையத்தைக் காதால் படிக்க முடியும் என்று காட்டியது. விரைவில் ஜாஸ் போன்றவையும் பக்கத்தை உலாவியிலிருந்து எடுத்துத் தமக்குள் ஒரு நீண்ட ஆவணமாக விரித்து, அதில் ஒரு மெய்நிகர் இடங்காட்டியை நகர்த்தும் முறைக்கு வந்தன.

இன்று ஒருவர் நீளமான அரசு அறிக்கையைப் படிக்கும் விதத்தைப் பார்த்தால் இம்முறை விளங்கும். முதல் வரியிலிருந்து அவர் தொடங்குவதில்லை. இன்செர்ட் விசையோடு எஃப்7ஐ அழுத்தினால் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் எல்லாத் தலைப்புகளையும் இணைப்புகளையும் பட்டியலாக்கித் தரும். அல்லது எச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். 2ஐ அழுத்தினால் இரண்டாம் நிலைத் தலைப்பு, டி அழுத்தினால் அடுத்த அட்டவணை. அட்டவணைக்குள் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு அம்புக்குறியை அழுத்திக் கட்டம் கட்டமாக நகரும்போது, அந்தக் கட்டத்தின் எண்ணோடு நெடுவரிசையின் பெயரும் ஒலிக்கும். வேண்டிய பகுதி கிடைத்ததும் இன்செர்ட்டோடு கீழ் அம்பு, தொடர்ந்து படிக்கும். கன்ட்ரோலைத் தொட்டால் நின்றுவிடும். படிவத்தில் பெயர் எழுத வேண்டுமானால் இதே எச் விசை எழுத்தாகத்தானே விழவேண்டும்? அதற்காக உலவும் நிலை, நிரப்பும் நிலை என இரண்டு உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது ஒரு சிறு ஒலி கேட்கும். புதிதாகக் கற்போர் தடுமாறும் இடமும் இதுதான்.

பார்க்கும் கண் பக்கம் முழுவதையும் ஒரே நோக்கில் மேய்ந்துவிடுகிறது. காதுக்கு அது இல்லை, அடுத்தடுத்துத்தான் வரும். அந்தக் குறையை ஈடுகட்டுவது இந்தத் தாவல்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம் அமைப்பின் கருத்தெடுப்புகளில், நீண்ட பக்கத்தில் செய்தி தேடுவோரில் ஏறத்தாழ 10இல் 7 பேர் தலைப்புகள் வழியாகவே தேடுவதாகத் தெரிவித்துள்ளனர். ஆகவே, தலைப்பைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் போட்டுவிட்டுத் தலைப்பு என்று குறிக்காத ஆவணம் இவர்களுக்குக் கதவில்லாத கட்டடம். ‘இங்கே அழுத்தவும்’ என்று பத்து இணைப்பு வைத்த பக்கத்தில், இணைப்புப் பட்டியலைத் திறந்தால் ‘இங்கே அழுத்தவும்’ பத்து முறை கேட்கும்.

இவற்றையெல்லாம் வரையறுக்கும் இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் முதல் பதிப்பு 1999 மே மாதமும் இரண்டாம் பதிப்பு 2008 டிசம்பரிலும் வெளிவந்தன.

ஆவணத்தின் அமைப்பையே படிக்கும் எண்ணத்தை வேறு வழியில் எட்டியவர் புனேயில் பிறந்த டி. வி. ராமன். சிறுவயதில் பார்வையிழந்த இவர், கணிதச் சமன்பாடுகளை உரக்கப் படிக்கும் ‘ஆஸ்டர்’ அமைப்பை கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1994இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுக்குக்குறி வந்தால் குரலின் சுருதி உயரும், வார்த்தை வேண்டியதில்லை. மறு ஆண்டு அவர் வெளியிட்ட இமேக்ஸ்பீக் என்னும் மென்பொருளும் திரையை விட்டுவிட்டு உள்ளடக்கத்திலிருந்தே பேச்சை எடுத்தது. ஆஸ்டர் என்பது அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும்கூட.

பிடிஎஃப்

1993இல் அறிமுகமான பிடிஎஃப், அச்சில் வருவதைப் போலவே திரையிலும் வரவேண்டும் என்பதற்காகப் பிறந்தது. அதன் பக்கத்துக்குத் தெரிந்தது எந்த உருவை எங்கே வரைவது என்பதுதான். இரண்டு பத்திகளாக அமைந்த இதழ்ப் பக்கத்தை இடம்வலமாகக் குறுக்கே படித்து, சம்பந்தமில்லாத இரண்டு வாக்கியங்களை ஒட்டிவிடும் கூத்து இதனால் நேர்ந்தது. 2001இல் குறியிட்ட பிடிஎஃப் வந்தபின் தலைப்பு, பத்தி, படிக்கும் வரிசை ஆகியவற்றைக் கோப்புக்குள் பதிக்க முடிந்தது. அணுகத்தக்க பிடிஎஃப்புக்கான பன்னாட்டுத் தரம் 2012இல் வெளியாயிற்று. ஆனால் தாளை வருடிப் படமாகச் சேமித்த பிடிஎஃப்பைத் திறந்தால் பலவேளை ‘காலி ஆவணம்’ என்ற அறிவிப்புதான் வரும். எழுத்துணரி மென்பொருளில் ஏற்றிய பிறகே அது வாய் திறக்கும்.

விலை

ஜாஸின் விலை நெடுங்காலம் ஆயிரம் டாலரை ஒட்டியே இருந்தது. கணினியைவிட அதைப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கு அதிகம் கொடுக்கவேண்டிய நிலை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் என்விடிஏவை எழுதத் தொடங்கினார். சிறுவயது முதல் நண்பரும் பார்வையற்றவருமான ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இலவசம், திறமூலம், பென் டிரைவிலிருந்தே இயங்கும். வளரும் நாடுகளில் திரைவாசிப்பானைப் பரவலாக்கிய பெருமையில் பெரும்பங்கு இதற்கே உரியது. ஆப்பிள் 2005இல் மேக் கணினியிலும் 2009இல் ஐபோனிலும் வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பானை உடன்வைத்தே தந்தது. ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் 2009இல் வந்தது.

தமிழில்

தமிழ் வாசகருக்குத் தடையாக நின்றது திரைவாசிப்பான் அன்று, எழுத்துருக் குறியாக்கம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்கள் அமர்ந்திருக்கும். திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. திரைவாசிப்பானும் அதையே நேர்மையாகப் படித்துவைக்கும். ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தாலும் அலுவலகங்களும் அச்சகங்களும் பழைய எழுத்துருக்களை விடவில்லை. தமிழக அரசு 2010இல்தான் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது.

குரலும் மெல்லத்தான் வந்தது. ககரம் சொல்லுக்கு ஏற்ப மூன்று ஒலி பெறுவதுபோன்ற நுட்பங்களை விதியாக்கியாக வேண்டும். ஈஸ்பீக் என்னும் பேச்சாக்க மென்பொருளின் தமிழ் எந்திரத்தனமானது, ஆனால் வேகத்தில் தெளிவு குன்றாது. சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தி தலைமையில் நடந்த இந்திய மொழிப் பேச்சாக்கப் பணி இயல்பான குரலை நோக்கி நகர்த்தியது. விண்டோஸ் 10இல் மைக்ரோசாஃப்ட் வைத்த தமிழ்க் குரலின் பெயர் வள்ளுவர். என்விடிஏவின் இடைமுகமும் தமிழில் கிடைக்கிறது. தமிழ்ப் பக்கம் என்று குறிக்கப்படாத பக்கத்தில் ஆங்கிலக் குரல் தமிழெழுத்தை ஒன்று விழுங்கிவிடும், இல்லையேல் எழுத்தெழுத்தாகச் சொல்லும்.

அச்சு நூல்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவுக்கு மாற்றப் பதிப்புரிமை இசைவு தேவையில்லை என்று இந்தியா 2012இல் சட்டத்தைத் திருத்தியது. இதே நோக்கத்துடன் 2013இல் நிறைவேறிய மராகேஷ் உடன்படிக்கைக்கு முதலில் ஒப்புதல் அளித்த நாடும் இந்தியாவே. 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் தொடங்கப்பட்டது. ஆனாலும் தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் மறுபடி தட்டச்சு செய்தும், வருடி எடுத்துப் பிழைதிருத்தியும்தான் பலவேளை தரவேண்டியிருக்கிறது. பதிப்பகங்கள் அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பின் ஒருங்குறிப் பிரதி ஒன்றையும், தலைப்புகளைத் தலைப்புகளாகக் குறித்து, வைத்திருந்தால் இந்த உழைப்பில் பெரும்பகுதி மிச்சமாகும்.