லடாக் மக்களவைத் தொகுதி: இரண்டு மாவட்டங்கள், ஒரே இருக்கை

லடாக் மக்களவைத் தொகுதி இந்தியாவின் வடகோடியில் உள்ளது. பரப்பளவில் நாட்டின் மிகப் பெரிய தொகுதி இது. ஆனால் வாக்காளர் எண்ணிக்கையில் மிகச் சிறிய தொகுதிகளுள் ஒன்று. 2014ஆம் ஆண்டுத் தேர்தலில் நாட்டிலேயே மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில், அதாவது 36 வாக்குகளில், முடிவு தீர்மானிக்கப்பட்டது இங்குதான். இத்தொகுதியின் வரலாற்றைப் பார்த்தால், மக்கள் எப்படி வாக்களித்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்பதே பல முறை வெற்றியை முடிவு செய்திருப்பது புலப்படும்.

நிலமும் மக்களும்

இந்திய நிர்வாகத்தின் கீழுள்ள லடாக்கின் பரப்பு 59,146 சதுர கிலோமீட்டர். இது தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பாதி. தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 உறுப்பினர்கள், லடாக்குக்கு ஒருவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 2,74,289 பேர். இவர்களில் லே மாவட்டத்தில் 1,33,487 பேரும், கார்கில் மாவட்டத்தில் 1,40,802 பேரும் இருந்தனர். லே மாவட்டத்தில் பௌத்தர்களும் கார்கிலில் ஷியா முஸ்லிம்களும் பெரும்பான்மையினர். கார்கில் மாவட்டத்தின் ஒரு பகுதியான சான்ஸ்கரில் பௌத்தர்கள் மிகுதி. லே நகரில் முஸ்லிம் குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்கின்றன.

தென்சென்னைப் புறநகரில் வாழும் நமக்கு ஓர் ஒப்பீடு உதவும். தாம்பரமும் பல்லாவரமும் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் 2024இல் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தனர். அங்கு டி. ஆர். பாலு 4,87,029 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். லடாக்கின் மொத்த வாக்காளர்களே சுமார் 1.9 லட்சம்தான். நம் தொகுதியின் வெற்றி வித்தியாசத்துக்குள் லடாக்கின் வாக்காளர் பட்டியல் இரண்டு முறை அடங்கிவிடும்.

ஆனால் தேர்தலை நடத்தும் உழைப்பு அங்கு பன்மடங்கு. 2024இல் 577 வாக்குச்சாவடிகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் வர்ஷி என்ற சிற்றூரின் சாவடி, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து வாக்காளர்களுக்காக மட்டுமே அமைக்கப்பட்டது. சாலை எட்டாத இடங்களுக்கு அலுவலர்கள் ஹெலிகாப்டரில் செல்ல வேண்டியிருக்கிறது.

தொடக்கக் காலம்

1967க்கு முன் ஜம்மு காஷ்மீரிலிருந்து மக்களவைக்கு நேரடித் தேர்தல் இல்லை. மாநிலச் சட்டமன்றத்தின் பரிந்துரையின் பேரில் குடியரசுத் தலைவர் உறுப்பினர்களை நியமித்தார். 1967இல் முதல் நேரடித் தேர்தல் நடந்தபோது லடாக்கில் காங்கிரஸ் சார்பில் வென்றவர் குஷோக் பகுலா ரின்போச்சே என்ற பௌத்தத் துறவி. 1971இலும் அவரே வென்றார். பிற்காலத்தில் மங்கோலியாவுக்கான இந்தியத் தூதராகப் பணியாற்றினார். லே விமான நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1977இல் லடாக் அரச குடும்பத்தைச் சேர்ந்த பார்வதி தேவி வென்றார். இத்தொகுதியின் ஒரே பெண் உறுப்பினர் அவர்தான். 1980, 1984, 1996 ஆகிய ஆண்டுகளில் காங்கிரசின் பி. நம்கியால் வென்றார். 1989இல் சுயேச்சையான முகமது ஹசன் கமாண்டரும், 1998இலும் 1999இலும் தேசிய மாநாட்டுக் கட்சியினரும், 2004இலும் 2009இலும் சுயேச்சைகளும் வென்றனர். எந்தக் கட்சிக்கும் இது நிலையான கோட்டையாக இருந்ததில்லை.

மூன்று தேர்தல்கள், ஒரே கணக்கு

அண்மைய மூன்று தேர்தல்களின் முடிவுகளை மாணவர்கள் கூட்டிப் பார்க்கலாம்.

2014:
லே வேட்பாளர்கள்: துப்ஸ்தான் சேவாங் (பா.ஜ.க.) 31,111; செரிங் சம்பேல் (காங்கிரஸ்) 26,402. கூட்டுத்தொகை 57,513.
கார்கில் வேட்பாளர்கள்: குலாம் ரசா (சுயேச்சை) 31,075, சையத் முகமது காசிம் (சுயேச்சை) 28,234. கூட்டுத்தொகை 59,309.

2019:
லே: ஜாம்யாங் செரிங் நம்கியால் (பா.ஜ.க.) 42,914, ரிக்சின் ஸ்பால்பார் (காங்கிரஸ்) 21,241. கூட்டுத்தொகை 64,155.
கார்கில்: சஜ்ஜாத் உசேன் (சுயேச்சை) 31,984, அஸ்கர் அலி கர்பலாய் (சுயேச்சை) 29,365. கூட்டுத்தொகை 61,349.

2024:
லே: செரிங் நம்கியால் (காங்கிரஸ்) 37,397, தாஷி கியால்சன் (பா.ஜ.க.) 31,956. கூட்டுத்தொகை 69,353.
கார்கில்: முகமது ஹனீஃபா (சுயேச்சை) 65,259.

ஒருவர் பெற்ற வாக்கெல்லாம் அவருடைய மாவட்டத்திலிருந்தே வந்தது என்று கொள்ள முடியாது. ஆனாலும் இரண்டு பக்கங்களும் ஏறத்தாழ சமமாகவே இருந்து வந்திருப்பதை இக்கூட்டல் காட்டுகிறது.

2014இல் கூட்டுத்தொகையில் கார்கில் முன்னிலை வகித்தது. வாக்கு இரண்டாகப் பிரிந்ததால் லே வேட்பாளர் வென்றார். 2024இல் லே முன்னிலை வகித்தது. வாக்கு இரண்டாகப் பிரிந்ததால் கார்கில் வேட்பாளர் வென்றார். தேசிய மாநாட்டுக் கட்சியின் கார்கில் நிர்வாகிகள், கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளரை ஆதரிக்க மறுத்துக் கட்சியை விட்டு விலகி, ஹனீஃபாவின் பின்னால் ஒன்றுதிரண்டனர். ‘மாபெரும் மாற்றம்’ போலத் தோன்றிய 27,862 வாக்கு வித்தியாசத்தின் பின்னணி இதுவே. கார்கில் பக்கத்து வாக்குகள் ஐந்து ஆண்டுகளில் நான்காயிரத்துக்குக் குறைவாகவே கூடியிருந்தன.

நம் தேர்தல் முறையில் பாதிக்கு மேல் வாக்கு பெற வேண்டும் என்ற விதி இல்லை. மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றால் போதும். 2014இல் வென்றவர் பெற்றது, பதிவான வாக்குகளில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம்.

2019க்குப் பின்

2019 அக்டோபர் 31 அன்று லடாக் தனி ஒன்றியப் பகுதியானது. லேயில் இதற்கு வரவேற்பும் கார்கிலில் எதிர்ப்பும் இருந்தன. அதற்கு முன் லே, நூப்ரா, கார்கில், சான்ஸ்கர் ஆகிய நான்கு தொகுதிகள் ஜம்மு காஷ்மீர் சட்டமன்றத்தில் லடாக்குக்கு இருந்தன. புதிய அமைப்பில் சட்டமன்றம் இல்லை. லேயில் 1995இலும் கார்கிலில் 2003இலும் அமைக்கப்பட்ட மலை வளர்ச்சி மன்றங்கள் தொடர்கின்றன. ஆனால் அவை சட்டம் இயற்றும் அவைகள் அல்ல. எனவே சட்டம் இயற்றும் அவையில் லடாக் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஒரே குரல் இந்த மக்களவை உறுப்பினர்தான். அந்த ஒரே இருக்கைக்கான போட்டியில் ஒவ்வொரு முறையும் ஒரு மாவட்டம் வெறுங்கையுடன் திரும்புகிறது.

இந்த இழப்புணர்வு இரு மாவட்டங்களையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. லே உச்ச அமைப்பும் கார்கில் ஜனநாயகக் கூட்டணியும் இணைந்து மாநிலத் தகுதி, அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பு, தனித் தேர்வாணையம் ஆகியவற்றைக் கோருகின்றன. லேக்கு ஒன்று, கார்கிலுக்கு ஒன்று என இரண்டு மக்களவைத் தொகுதிகள் வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை. 2024 மார்ச்சில் சோனம் வாங்சுக் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 2025 செப்டம்பர் 24 அன்று லேயில் போராட்டம் வன்முறையாக மாறியபோது நான்கு பேர் உயிரிழந்தனர்.

மக்கள்தொகையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், மூன்று லட்சத்துக்கும் குறைவானோர் வாழும் பகுதிக்கு இரண்டு இருக்கைகள் என்பது மிகையாகத் தோன்றும். தாம்பரம் வாக்காளர் ஒருவர் அப்படிக் கேட்பது நியாயமே. ஆனால் தாம்பரத்தில் வசிப்பவருக்குச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தனியாக இருக்கிறார்; கார்கிலில் வசிப்பவருக்கு இல்லை. தொகுதிகளின் மறுவரையறை நாடெங்கும் பேசுபொருளாகியுள்ள இக்காலத்தில், தலைகளை எண்ணுவது மட்டும் போதுமா என்ற கேள்விக்கு விடை தேடுவோர் லடாக்கின் வாக்குக் கணக்கையும் பார்க்க வேண்டும்.