மோட்டாரின் நாடி

பைக்காராவின் மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் மலையிறங்கிக் கோயம்புத்தூருக்கு வந்து, பஞ்சாலைகளையும் தோட்டத்துக் கிணறுகளையும் சுறுசுறுப்பாக்கி, 1937-ல் பீளமேட்டிலேயே மோட்டார் செய்யும் துணிவை ஜி. டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு முதலியோருக்கு அளித்த காலத்தில், அந்த யந்திரங்களுக்குத் தனியே வைத்தியன் இருந்ததில்லை, ஓட்டுகிறவனே வைத்தியன்.

திருப்புளியின் முனையைப் பேரிங் உறையின்மேல் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அவன் நிற்பான். சீரான ரீங்காரமானால் க்ஷேமம், மணலை மெல்லுவதுபோல நறநறத்தால் குண்டுகளில் தேய்மானம். புறங்கையால் தொட்டுச் சூட்டை அறிவதும் (உள்ளங்கையால் தொட்டால், மின்கசிவு இருக்குமானால் விரல்கள் இறுகிப் பற்றிக்கொள்ளும் என்பது பழகியவர்களின் எச்சரிக்கை), வார்னிஷ் கருகும் வாடையை முகர்ந்து காயிலின் ஆயுளைக் கணிப்பதும் அதே சாஸ்திரத்தின் அங்கங்கள். கருவி என்று சொல்லத்தக்கது, காப்பைச் சோதிக்கும் மெக்கர்.

அமெரிக்காவில் ராத்போன் என்பார் 1939-ல், அதிர்வு எவ்வளவிருந்தால் அபாயம் என்று அளவு வகுத்து வெளியிட்டார். 1965-ல் கூலி, டூக்கி இருவரும் வேக ஃபூரியே கணக்குமுறையைத் தந்தபின், ஒரே இரைச்சலிலிருந்து பேரிங்கின் குரலையும் ரோட்டரின் குரலையும் பிரித்தறிவது கணிப்பொறிக்கு எளிதாயிற்று. ரோட்டரின் கம்பி உடைந்தால், மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் 50 ஹெர்ட்ஸுக்கு இருபுறமும் சிறு சிகரங்கள் எழும் என்பதால், ஆழ்துளைக் கிணற்றுக்குள் கிடக்கும் நீர்மூழ்கி மோட்டாரையும் இன்று மேலிருந்தே பரிசோதிக்கலாம். திருப்புளி எட்டாத ஆழம் அது.