அத்தாட்சி அட்டையும் அதன் விலையும்

கம்பியில்லாத் தந்தியின் இளமைக் காலத்தில், பிழைப்பின் பொருட்டன்றி ஆசையின் பொருட்டே வீட்டின் ஒரு மூலையில் கருவிகளை அமைத்துக்கொண்டு ஆகாயத்தைத் துழாவிய அமெச்சூர் வானொலிக்காரர்கள், தூரதேசத்து அன்பர் ஒருவரோடு தொடர்பு கிட்டியதும், அது மெய்யாகவே நிகழ்ந்தது என்பதற்கு அத்தாட்சியாக ஓர் அட்டையைத் தபாலில் அனுப்புவதைச் சம்பிரதாயமாகக் கொண்டிருந்தார்கள். 'க்யூ.எஸ்.எல்.' எனப்படும் அவ்வட்டையில் அனுப்புகிறவரின் அழைப்புக்குறி பெரிய எழுத்துக்களில் விளங்கும். கீழே தேதி, கிரீன்விச் நேரம், அலைவரிசை, ஒலியின் தெளிவுக்கு இட்ட மதிப்பெண். ஓர் ஓரத்தில், 'தங்கள் அட்டையை அனுப்புக', 'தங்கள் அட்டைக்கு நன்றி' என்ற இரண்டில் ஒன்றுக்கு நேரே ஒரு பேனாக் கோடு. உபசாரத்துக்கு அப்பால் அதற்கு விலை ஏதும் இருக்கவில்லை.

விலையை உண்டாக்கியது விருது. நாடுகளை எவ்வாறு கணக்கிடுவது என்று க்ளின்டன் டிசோட்டோ 1935ஆம் வருஷத்தில் எழுதிய கட்டுரையை ஆதாரமாகக் கொண்டு, அமெரிக்க அமெச்சூர் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்., நூறு நாடுகளோடு பேசி அட்டைகளைக் காட்டுவோருக்கு 1937இல் 'டி.எக்ஸ்.சி.சி.' என்ற கௌரவத்தை ஏற்படுத்தியதும், மரியாதைச் சீட்டாக இருந்தது தஸ்தாவேஜு ஆகிவிட்டது. யாரும் எளிதில் எட்டாத ஒரு தீவிலிருப்பவரோடு ஆயிரக்கணக்கானோர் பேசிவிட்டு, ஆளுக்கோர் அட்டை வேண்டுமென்று எழுதுவார்களானால், அச்சுக்கூலிக்கும் தபால் செலவுக்கும் அவர் எங்கே போவார்?

இதற்குக் கைகொடுத்தது, 1906இல் ரோமாபுரி மகாநாட்டில் சர்வதேசத் தபால் ஒன்றியம் வகுத்த பதில் கூப்பன். அதைப் பெறுகிறவர் தம் ஊர்த் தபாலாபீஸில் கொடுத்து, அயல்நாட்டுக் கடிதத்துக்கான தபால்தலைகளைப் பெற்றுக்கொள்ளலாம். (இதே கூப்பனைக் காட்டித்தான் 1920இல் பாஸ்டனில் சார்லஸ் பான்சி ஊராரை மொட்டையடித்தான்; அது வேறு கதை.) கூப்பனின் விலை தபால்தலையின் விலையைவிட மிகுந்திருந்தபடியால், பலர் உறைக்குள் ஒரு டாலர் நோட்டையே மடித்து வைக்கலானார்கள், அதற்குப் 'பச்சைத் தபால்தலை' என்று வேடிக்கையாகப் பெயரும் இட்டார்கள். ஆனால் அழைப்புக்குறியைக் கண்டாலே உள்ளே பணமிருக்கிறதென்று திருடர்கள் அறிந்துகொண்டமையால், அதை உறையின்மேல் எழுதலாகாது என்று அநுபவசாலிகள் எச்சரிக்க வேண்டியதாயிற்று. சங்கங்களின் அட்டை நிலையங்கள் மூட்டையாகக் கட்டி அனுப்பினால் செலவு சொற்பந்தான். வந்து சேரத்தான் வருஷக்கணக்காகும்.

அமெரிக்கத் தபால் இலாகா 2013இல் கூப்பன் விற்பனையை நிறுத்திவிட்டது. இன்று கணினி வழியே சில டாலர் செலுத்தினால் அட்டை வீடு தேடி வருகிறது. பூவே தீவு போன்ற ஆளில்லா இடங்களுக்குக் கப்பல் பிடித்துச் செல்வோருக்குச் செலவு பல லட்சம் டாலராவதால், நன்கொடை அளித்தவர்களுக்கு மின்பதிவு அத்தாட்சியை முந்தித் தந்து, ஏனையோரை மாதக்கணக்கில் காக்க வைப்பாரும் உண்டு. பண லாபம் கருதாதவனே அமெச்சூர் என்று சர்வதேச வானொலி விதிகள் கூறுகின்றன, டி.எக்ஸ்.சி.சி. விதிகளோ, அட்டை தருவதில் அப்பட்டமான பாரபட்சம் காட்டுவதைக் கண்டித்துவிட்டு, பணம் பற்றிய புகார்களைப் பொதுவாக விசாரிப்பதில்லை என்று கைகழுவிவிடுகின்றன. தபால் செலவைக் கேட்பதில் குற்றமில்லை. கொடுக்க இயலாதவரின் அட்டையைச் சங்கத்தின் வழியாகக்கூட அனுப்ப மறுப்பவர், வியாபாரி என்ற பெயருக்கே உரியவர்.