பீரங்கி கழற்றிய டாங்கிகள்

பாகிஸ்தானோடு காஷ்மீர் போர் நடந்த 1948 அக்டோபரில் ஸ்ரீநகர் வழியே போன சில ராணுவ வண்டிகளை டாங்கி என்று யாரும் அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள். பீரங்கியும் அதைத் தாங்கும் டரெட்டும் கழற்றப்பட்டு வேறு வண்டிகளில் தனியே போய்க்கொண்டிருந்தன. எதிரிக்குச் சேதி போய்விடக் கூடாது என்று நகரில் ஊரடங்கு வேறு. 7ஆவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் இலகு டாங்கிகள் அவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 டன். 1784இல் பிறந்து, மதராஸ் குதிரைப்படையாக வளர்ந்த ரெஜிமெண்ட் அது. நவம்பர் 1 அன்று, டரெட்டை மீண்டும் பூட்டிக்கொண்டு, 11,500 அடிக்கு மேல் உள்ள சோஜி லா கணவாயில் அவை ஏறியபோது எதிரில் இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அந்த உயரத்தில் டாங்கிகள் போரிட்டது உலகில் அதுவரை நடந்ததில்லை.

தாக்குதலை நடத்திய தளபதி திமய்யாவின் பெயரும் டாங்கிகளின் பெயரும் நிலைத்துவிட்டன. அந்த டாங்கிகள் எதன்மேல் ஏறிப் போயின என்பதைத்தான் பலரும் கேட்பதில்லை. அடிவாரத்துப் பால்தாலிலிருந்து கணவாய்க்கு இருந்தது கோவேறு கழுதைகள் போகும் தடம். மேஜர் தங்கராஜுவின் தலைமையில், ராணுவப் பொறியாளர்களான மதராஸ் சாப்பர்களின் இரண்டு கம்பெனிகள் அந்தத் தடத்தை வெட்டி, வெடிவைத்து அகலப்படுத்தின. குண்டு வீச்சுக்கு நடுவே, உறையும் குளிரில். வழியிலிருந்த பாலங்களையும் டாங்கியின் எடையைத் தாங்கும்படி வலுப்படுத்த வேண்டியிருந்தது.

‘தம்பிகள்’ என்று ராணுவம் முழுக்க அழைக்கப்படும் இந்தச் சாப்பர்களின் தொடக்கம் 1780. பெங்களூரில் உள்ள இவர்களின் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் மக்ளின்டாக் 1912இல் செய்த நீண்ட குழாய் வெடிதான், முள்வேலியைத் தகர்க்க நார்மண்டி வரை போன ‘பெங்களூர் டார்பிடோ’. தடையை உடை, பள்ளத்தை நிரப்பு, ஆற்றின்மேல் பாலம் போடு: வேலை எளிதாகத்தான் தெரிகிறது. சுடுகிறவன் எதிரே நிற்கும்போது மண்வெட்டியோடு யார் போவது?

அந்தக் கேள்விக்கு இரண்டாம் உலகப் போர் சொன்ன பதில்: டரெட்டைக் கழற்று, அந்த இடத்தில் கருவியை வை. காலாவதியாகிக்கொண்டிருந்த வேலன்டைன் டாங்கியின் முதுகில் மடக்குப் பாலத்தை ஏற்றினார்கள். பர்மாவின் ஓடைகளைப் படைகள் கடக்க அது கைகொடுத்தது. போருக்குப் பின் பிரான்ஸ், தன் ஏ.எம்.எக்ஸ்-13 இலகு டாங்கியின் அடிச்சட்டத்தில், பழுதான டாங்கியை இழுக்கும் மீட்பு வண்டியையும் பாலம் போடும் வண்டியையும் கட்டியது. பீரங்கியோடு வந்த ஏ.எம்.எக்ஸ்-13 நம்மிடமும் இருந்தது. 1962 சீனப் போரில் அவற்றை விமானத்தில் ஏற்றித்தான் லடாக்கின் சுஷூலுக்குக் கொண்டுபோனார்கள்.

இலகு வண்டியின் இக்கட்டு, இழுப்பதில் தெரியும். சேற்றில் புதைந்த டாங்கியை வின்ச் கம்பியால் இழுத்தால், எடை குறைந்த மீட்பு வண்டிதான் டாங்கியை நோக்கி நகரும். அதனால் வண்டியில் ஒரு தகட்டு அலகு. அதை மண்ணில் ஊன்றிக்கொண்டால்தான் இழுக்க முடியும். கம்பியைக் கப்பிகள் வழியே மடித்துப் போட்டால் விசை பெருகும், வேகம் குறையும். எட்டு ஒன்பது டன் எடையுள்ள பிரிட்டனின் சாம்சன், இந்த உபாயத்தால் 12 டன் இழுத்தது. கிணற்றடிக் கப்பியின் கணக்குதான், இரும்பில்.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் ஊர் ஆவடி. ‘டேங்க் ஃபேக்டரி’ என்றே ஊரார் சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களின் தொடக்கத்தில் எழுந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வடிவமைத்த விஜயந்தா அங்கே உருவானது. 39 டன், அன்றைய பிரிட்டனின் சீஃப்டனைவிட வெகு இலகுவானது. அதன் அடிச்சட்டம் பீரங்கியைச் சுமப்பதோடு நின்றுவிடவில்லை. டரெட் இருந்த இடத்தில் 20 மீட்டர் கத்தரிப் பாலம் ஏறி, ‘கார்த்திக்’ என்ற பாலம் போடும் டாங்கியாக அது மறுபிறவி எடுத்தது. மடிந்து கிடக்கும் பாலம் ஹைட்ராலிக் விசையில் எழுந்து, விரிந்து, எதிர்க்கரையில் படியும். உள்ளே இருப்பவர்கள் வெளியே தலைகாட்ட வேண்டியதில்லை. போர்முனையில் இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

மீட்பு வண்டிகள் வேறு வழியில் வந்தன. போலந்தின் வடிவமைப்பை வாங்கி பெமல் நிறுவனம் கட்டியவை, டி-72 குடும்பத்தின் அடிச்சட்டத்தில் நிற்கும் 40 டன்னுக்கு மேற்பட்ட மாமிசமலைகள். பிரிட்டனிடம் வாங்கிய ‘காம்பாட் எஞ்சினியர் டிராக்டர்’ இன்னும் விசித்திரம். ஆற்றைக் கடந்து கரையேற முடியாமல் சறுக்கினால், ராக்கெட்டில் ஒரு நங்கூரத்தை எதிர்க்கரைக்கு எறிந்து, அந்தக் கம்பியைப் பிடித்துத் தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும்.

கவனம் இலகு வண்டிகளின் பக்கம் மீண்டும் திரும்பியது பி.எம்.பி.-2ஆல். காலாட்படைக்கான 14 டன் நீந்தும் வண்டி அது. டாங்கி அல்ல என்று ராணுவத்தார் கண்டிப்பாகத் திருத்துவார்கள். அதன் அடிச்சட்டத்தில் ஆவடியின் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம் நீரிலும் நிலத்திலும் ஓடும் டோசரை உருவாக்கியது. 2021 டிசம்பரில் புனேயில் பொறியாளர் படையிடம் ஒப்படைக்கப்பட்ட வேவு வண்டியும் அதே அடிச்சட்டத்தில் அமைந்ததே. ஆற்றின் ஆழம், அகலம், கரையின் சரிவு, மண்ணின் தாங்குதிறன் எல்லாவற்றையும் அளந்து, பாலத்தை எங்கே போடலாம் என்று சொல்வது அதன் வேலை. 1948இல் தங்கராஜுவின் ஆட்கள் கண்ணாலும் காலாலும் அளந்ததை இது கருவியால் அளக்கிறது.

ஆவடிக்குத் தெற்கே, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் இன்று கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் பிறக்கின்றன. சுரங்கங்களுக்கான ராட்சத டம்பர்களை ஜப்பானின் கொமாட்சு கட்டுவதும் ஒரகடத்தில்தான். டோசர் தொழில்நுட்பத்தை ஒரு காலத்தில் பெமலுக்குத் தந்ததும் இதே கொமாட்சு. 2018இல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையும் ஒரு முனை. ஹைட்ராலிக் உருளை, கியர், வார்ப்பு என்று ஒரு மீட்பு வண்டிக்கு வேண்டிய கைத்திறன் கார் தொழிலுக்குப் புதிதல்ல. ஆனால் ராணுவம் இந்த வண்டிகளை டஜன் கணக்கில்தான் வாங்கும், அதுவும் ஆண்டுகள் தள்ளி. ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் வண்டி இறக்கும் ஆலைக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாவது கடினம்.

2020இல் லடாக்கில் சீனப் படையோடு மோதல் மூண்டபின், இலகு டாங்கி மறுபடி பேசுபொருளானது. ஆவடி ஆய்வகமும் எல் அண்டு டி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 25 டன் சோராவர் 2024 ஜூலையில் ஹசீராவில் வெளிக்காட்டப்பட்டது. அதே டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேலான உயரத்தில் சுட்டுக் காட்டியது. படங்களில் எல்லாம் அதன் பீரங்கிதான். 25 டன் வண்டியை மட்டுமே தாங்கும் மலைப் பாலத்தில் 40 டன் மீட்பு வண்டி ஏற முடியாது. கணவாயில் ஒரு சோராவர் பழுதாகி நின்றால் அதை இழுத்துவர, அதே அடிச்சட்டத்தில் டரெட் இல்லாத ஓர் உடன்பிறப்பு வேண்டும்.