திதி காட்டும் திங்கள்

துவாரகாவின் அடுக்குமாடி இல்லங்களில் ஆண்டுக்கு ஒருமுறை, ஓர் இரவில், இருசாரார் ஒரே நிலவின் வரவை எதிர்நோக்கி நிற்பதைக் காணலாம். வடபுலத்து மகளிர்க்கு அது கர்வா சௌத் நோன்பு; நம்மவர்க்கோ சங்கடஹர சதுர்த்தி. அவர்கள் அம்மாதத்தைக் கார்த்திகை என்பர். நம் பஞ்சாங்கத்தில் அது புரட்டாசியாகவோ ஐப்பசியாகவோ இருக்கும். அவர்தம் மாதம் பௌர்ணமியை அடுத்துத் தொடங்குவது. நம் மாதம் கதிரவன் இராசி புகுங்கால் பிறப்பது. மாதப் பெயர் வேறுபட்டும் திதி வேறுபடாதது ஏன்? இவ்வினாவின் விடையிலேயே பிறை வளர்ந்து தேய்வதன் காரணமும் அடங்கியுள்ளது.

திதி என்பது ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் இடைப்பட்ட கோணத்தின் அளவு. திங்கள் ஞாயிற்றினின்று 12 பாகை விலகுந்தோறும் ஒரு திதி கழியும். 30 திதிகளில் 360 பாகை நிறையும். அதற்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் செல்லும்.

நிலவுக்குத் தன்னொளி இல்லை. ஞாயிற்றை நோக்கிய அதன் பாதி ஒளிபெற்றிருக்க, மறுபாதி இருண்டிருக்கும். ஒளிபெற்ற பாதியில் எத்துணைப் பகுதி நம் கண்ணுக்குப் புலனாகிறதோ, அதுவே அன்றைய நிலவின் வடிவம். அமாவாசையில் ஒளிப்பாதி நமக்கு அப்பால் திரும்பியிருக்கிறது. அட்டமியில் அதன் பாதி தெரிகிறது. பௌர்ணமியில் முழுமையும் தெரிகிறது. தேய்பிறைச் சதுர்த்தியிலோ, நிலவு ஓரம் சற்றே குறைந்து, கதிரவன் மறைந்து சில நாழிகை கழிந்தபின் எழுகிறது.

புவியின் நிழல் படுவதால் நிலவு தேய்கிறது என எண்ணுவோர் இன்றும் உளர். அந்நிழலால் விளைவது சந்திர கிரகணமே. நிலவின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருத்தலின், எல்லாப் பௌர்ணமியிலும் அது நிகழ்வதில்லை. கோள்களின் ஒருபாதி ஞாயிற்றால் ஒளிர்வதையும், கிரகணம் புவிநிழலால் நேர்வதையும் கி.பி. 499ஆம் ஆண்டளவிலேயே ஆரியபட்டர் தெளிவுற உரைத்தார்.

தென்னாட்டிலோ, நிலவின் இருப்பிடத்தை 248 வாக்கியங்களில் எழுத்தெண்களாய்ப் பொதிந்து மனப்பாடமாகக் காத்தனர். 1825இல் ஜான் வாரன் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலிதம்’ என்னும் நூல், புதுவையில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் குறிப்பிடுகிறது. அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்பாடுகளை நினைவிலிருந்தே கூறி, அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை ஏறத்தாழ 4 நிமிடமே. முடிவில் அது 52 நிமிடமாயிற்று. ஆயினும் தாம் கையாண்ட கணக்கின் அடிப்படைக் கொள்கையை அவர் அறிந்திலர் என்று வாரன் எழுதுகிறார்.

அக்கணிதரின் நினைவாற்றல் போற்றத்தக்கது. எனினும் காரணம் மறந்த கணக்கு, கைமாறுந்தோறும் தேயும். பிறந்த மண்ணைவிட்டு வந்த நாம் திதிகளை மறவாது போற்றுகிறோம். அவற்றின் பொருளையும் மக்கட்கு உணர்த்துதல் வேண்டும். அதற்கு இருட்டறையில் ஒரு விளக்கும், குழந்தையின் நீட்டிய கையில் ஓர் எலுமிச்சம்பழமும் போதும். பழத்தைச் சற்று உயர்த்திப் பிடித்தபடி குழந்தை ஒருமுறை சுற்றிவரட்டும்; பிறை வளர்வதையும் தேய்வதையும் தன் கையிலேயே காணும்.