நம் கரையின் இராவணன் மீசை

சுனாமிக்குப் பிறகு நமது கடற்கரையில் என்ன நட்டார்கள் என்று கேட்டால் பிள்ளைகள் உடனே "சவுக்கு" என்கிறார்கள். அதற்கு முன் அங்கே என்ன நின்றது என்று கேட்டால் பதில் இல்லை.

நின்றது இராவணன் மீசை. காலில் குத்துமே, அந்த முள்ளுப் புல். பக்கத்தில் அடம்பன் கொடி. (திரண்டால் மிடுக்கு என்று பழமொழியை மட்டும் வைத்துக்கொண்டு கொடியை விட்டுவிட்டோம்.) காற்று கொண்டுவரும் மணலை இந்தப் புல் மறித்துப் பிடிக்கும். மணல் மூட மூட அதற்கு மேலே வளரும். மணல் மேடு உண்டாவது அப்படித்தான்.

2004 டிசம்பர் 26இல் வந்த அலையைப் புல் நிறுத்தியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். ஆனால் யாலவில் ஆய்வுசெய்த நிபுணர்கள் ஒன்றைப் பதிந்திருக்கிறார்கள். கடல் வடிவாகத் தெரியவேண்டும் என்று மணல் மேட்டை அகற்றிய உல்லாச விடுதி முற்றாக அழிந்தது. மேடு கலையாத அயல் இடங்களைவிட அங்கே நீர் உயர்ந்து ஏறியிருந்தது.

பிறகு கிழக்கில் 200 மீட்டர் கட்டடத் தடை வந்தது. நெருங்கி வாழும் நம் ஊர்களுக்கு அது எப்படி ஒத்துவரும்? பின்னர் தளர்த்தினார்கள். சவுக்கு நட்டார்கள். வெளியிலிருந்து வந்த மரம். சீக்கிரம் வளரும், நிழலும் விறகும் தரும். ஆனால் அதன் ஊசி இலை உதிர்ந்து படியும் இடத்தில் புல் தலைகாட்டுவது அரிது.

புல்லைத் திரும்பக் கொண்டுவர விதை வேண்டும். இராவணன் மீசையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில் காய்ப்பதுதான் அந்தப் பெரிய முள்ளுப் பந்து. காய்ந்ததும் ஒடிந்து, காற்றில் மணல்மேல் உருண்டோடி விதையைச் சிந்தும். ஆண் பூங்கொத்தைச் சாக்குச் சாக்காகச் சேர்த்தாலும் ஒரு விதை கிடைக்காது. நியூசிலாந்தில் இதே இனத்துச் சகோதரப் புல் இருக்கிறது. அங்கே ஊர்க்குழுக்கள் கோடையில் பெண் பந்துகளைப் பொறுக்கிக் கொடுக்கின்றன. நாற்றுப் பண்ணையில் முளைக்கவைத்து மேட்டில் நடுகிறார்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே, நிந்தவூர்ப் பக்கம் வரை, கடல் கரையை அரித்துத் தின்றது. மணல் வந்து சேராத கரையில் புல் எதைப் பிடிக்கும்? அது துறைமுகத்தோடு தீர்க்கவேண்டிய கணக்கு. மணல் இன்னும் சேரும் கரைகளில்தான் புல்லுக்கு வேலை.

உங்கள் ஊரில் பந்து காய்க்கும் செடி எங்கே மிஞ்சியிருக்கிறது? இடத்தைக் கீழே எழுதுங்கள். பிடுங்கிவிட வேண்டாம்.