பெரியகடையும் ஒரு கடன் கொப்பியும்

இஞ்சை கடைத்தொகுதிக்குள் போனால் கதவு தானாகத் திறக்கும். சாமானில் விலை ஒட்டியிருக்கும். பத்து வருசம் ஒரே கடைக்குப் போய் வந்தும் என்ர பேர் அங்கை ஒருவருக்கும் தெரியாது.

சின்ன வயதில் சித்திரை வருசத்துக்குத் துணி எடுக்க ஐயா என்னை யாழ்ப்பாணம் பெரியகடைக்குக் கூட்டிக்கொண்டு போவார். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளைக் கடந்து, சோனகதெரு நானா ஒருவரின் துணிக்கடையில்தான் இருப்போம். "ஐயா, உங்களுக்கெண்டபடியால்தான் இந்த விலை" என்பார் நானா. ஐயா எழும்பிப் போவதுபோல் நடிப்பார். அது நடிப்பென்று இருவருக்கும் தெரியும். பிறகு தேத்தண்ணி வரும். மழை, வெங்காய விலை, மகளின் கலியாணம் எல்லாம் கதைப்பார்கள். மிச்சக்காசு வெங்காயம் வித்தபிறகு. கொப்பியில் எழுதினால் போதும். எங்கள் ஊரில் ஒரு முஸ்லிம் குடும்பமும் இல்லை. சந்தை இல்லாவிட்டால் இந்த இரண்டுபேரும் சந்தித்தே இருக்கமாட்டார்கள்.

அதற்காக யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவைச் சொர்க்கமாக்க வேண்டாம். 1960களில் தேத்தண்ணிக் கடைகளுக்குள் நுழையவே ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது.

1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் கடைகள், ஈழநாடு அலுவலகம், நூலகம் எல்லாம் எரிந்தன. அதை நாங்கள் ஒவ்வொரு மலரிலும் எழுதுகிறோம். எழுதத்தான் வேணும். ஆனால் 1990 ஒக்டோபர் 30ஐ ஏன் எழுதுவதில்லை? அன்று யாழ் நகர முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். சரியாக ஐந்து வருசம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30, வலிகாமத்துச் சனமும் மூட்டை முடிச்சோடு நாவற்குழிப் பக்கம் நடந்தது. ஐயாவும் நடந்தார்.

நான் அப்போது வெளிநாட்டில். "நானாவுக்குத் தீபாவளித் துணிக்காசு குடுக்கேல்லை, கடை பூட்டிக் கிடக்கு" என்று 1990 கடைசியில் ஐயா எழுதின கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வீட்டிலிருந்தவர்களைப் பற்றி எழுதியதைவிட அந்தக் காசைப் பற்றித்தான் கூட எழுதியிருந்தார்.

போர் முடிந்தபிறகு ஊருக்குப் போனேன். ஆசுப்பத்திரி வீதியில் சினிமாவோடு கூடிய மாடிக் கடைத்தொகுதி வந்துவிட்டது. பிள்ளைகள் குளிருக்குள் நின்று படம் பிடிக்கிறார்கள். அதில் பிழையில்லை. சோனகதெருவில் திரும்பிவந்த சில குடும்பங்கள் இருந்தன. தையல் மெசினோடு இருந்த ஒருவர், கேட்காமலே தேத்தண்ணி எடுப்பித்தார். நானா மௌத்தாகிவிட்டாராம். மகன் புத்தளத்தில்.

விலாசம் எழுதி வாங்கி வந்திருக்கிறேன்.